சிப்பியின் மதிப்பும் வீட்டின் மதிப்பும்

‘இறை’ என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. அரசன், அரசனுக்குச் செலுத்தும் வரி, வீட்டுக் கூரையின் தாழ்ந்த விளிம்பு ஆகிய மூன்றும் அப்பொருள்களுள் அடங்கும். வரி நீக்கப்பட்ட நிலத்தை ‘இறையிலி’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. வரிக்கும் கூரைக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சொத்துவரி உயர்வுக்கான அறிவிப்பைக் கையில் ஏந்தி நிற்கும் வீட்டுக்காரருக்கு அது பொருத்தமாகவே தோன்றும்.

வரிக்காக மதிப்பிடுதல் என்பது தூத்துக்குடிக்குப் புதியதன்று. இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெற்ற நாள்களில், சலாபத்தை அறிவிக்கும் முன்பு பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பர். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர் முன் வைத்து விலை காண்பர். அவ்விலை தேறினால்தான் குளிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளிக்கும் சேர்ந்தன. அப்பங்கீடு உழைத்தவனுக்கு நியாயமானதா என்பது வேறு கேள்வி. நாம் இங்கு நோக்க வேண்டியது ஒன்றே. மதிப்பிடப்பட்ட பொருள் அனைவர் கண்முன்னும் கிடந்தது. சிப்பி கிடைக்காத நாளில் அரசின் பங்கும் இல்லை.

வீட்டுவரியின் இயல்பு இதனின்று வேறானது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1866இல் தூத்துக்குடி நகராட்சி அமைந்தது. பின்னர் வந்த 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம், வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று எண்ணி, பழுதுபார்ப்புக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை ஆண்டு மதிப்பாகக் கொண்டது. உரிமையாளர் தாமே குடியிருந்தாலும் கணக்கு இதுவே. உப்பளத்திலோ துறைமுகத்திலோ உழைத்துக் கட்டிய வீடு, தான் ஈட்டாத வாடகைக்காக வரி செலுத்துகிறது. ‘நியாயமாக’ என்ற ஒரு சொல்லே வீட்டுக்காரருக்கு இருந்த காப்பு. குண்டூர் நகராட்சி வழக்கில் 1970இல் உச்சநீதிமன்றம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பெறத்தக்க நியாய வாடகையைக் கருதாமல் ஆண்டு மதிப்பை வகுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கும் இதே 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியதே.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பைச் சீராய வேண்டும் என்பது பழைய நெறி. நடைமுறையோ வேறு. 2008 ஆகஸ்டில் தூத்துக்குடி மாநகராட்சியாயிற்று. தமிழகத்தில் சென்னை தவிர்ந்த நகரங்களில் வரி உயர்த்தப்பட்டதும் அவ்வாண்டில்தான். 2018இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. இவ்வாறு தேங்கிய சுமை 2022இல் ஒருசேர இறங்கியது. சென்னை தவிர்ந்த மாநகராட்சிகளில், 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என உயர்வு வகுக்கப்பட்டது.

இதன் நுட்பத்தை ஒரு கணக்கால் விளக்குவோம். அரையாண்டு வரி 1,000 ரூபாயாக இருந்த இரண்டு வீடுகளை எண்ணிக்கொள்வோம். பதிவேட்டில் ஒன்றின் பரப்பு 1,200 சதுர அடி, மற்றொன்று 1,201. முன்னதற்கு வரி 1,500 ரூபாய், பின்னதற்கு 1,750. ஒரு சதுர அடி 250 ரூபாயாகிறது. அதன்மேல் 2024இல் நிகழ்ந்தது போன்ற 6 விழுக்காட்டு உயர்வு ஏறினால் அவ்வேறுபாடு 265 ஆகும். பிழை ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால், ஒவ்வோர் உயர்விலும் அதுவும் சேர்ந்தே வளரும்.

ஆகவே அறிவிப்பு வந்ததும் தொகையைப் பார்த்துத் திகைப்பதைவிட, அத்தொகை பிறந்த வழியைப் பார்ப்பதே அறிவு. பதிவேட்டிலுள்ள கட்டடப் பரப்பு உண்மையானதா? பகுதி சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா? குடியிருப்பு வணிகக் கட்டடமாகப் பதிவாகியுள்ளதா? கட்டடத்தின் வகையும் வயதும் சரியா? வேறுபாடு இருப்பின், வரைபடமும் பழைய ரசீதும் இணைத்து, உரிய காலத்துக்குள் ஆணையரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். வாய்மொழி முறையீடு காற்றோடு போகும்.

வரியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. 2023 டிசம்பர் பெருமழையில் தெருக்கள் குளமான ஊர் இது. வடிகாலுக்குப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பல ஆண்டுகள் மதிப்பிடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் உயர்த்துவதும், வீட்டைப் பாராமல் பட்டியலை மட்டும் பார்த்து உயர்த்துவதுமே நம் வருத்தம்.

இக்கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் ஓய்ந்தது. பார்களில் சிப்பி அருகிப் போயிற்று. மாதிரியை எடுத்து, கழுவி, கண்முன் வைத்து விலை சொன்ன அந்த வழக்கமாவது வரி மதிப்பீட்டில் மிஞ்சியிருக்கலாம். நம் வீட்டை எப்படி மதிப்பிட்டார்கள் என்று கேட்பது அதைத்தான் கேட்பதாகும்.