ஓடுபாதை போன இடம்

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்த ஸ்டேபிள்டன் விமான நிலையத்தை 1995 பிப்ரவரி இறுதியில் மூடினார்கள். விமானங்கள் ஊருக்கு வெளியே கட்டிய புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. ஓடுபாதை எங்கே போகும்?

1929-ல் சிறிதாகத் தொடங்கிய நிலையம் அது. ஜெட் விமானங்கள் வந்தபின் 4,700 ஏக்கர் வரை விரிந்தது. ஓடுபாதை ஒரு பெரிய நெடுஞ்சாலையையே தாண்டிப் போனது. கீழே கார்கள் ஓட, தலைக்கு மேல் பாலத்தில் விமானங்கள் உருண்டன. குறுக்கே வந்த வெஸ்டர்லி கிரீக் என்ற ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, அதன் மேலும் கான்கிரீட் போட்டார்கள்.

மூடிய பிறகு, அங்கே வீடும் கடையும் அலுவலகமும் பள்ளியும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் நகர்ப்பகுதி வேண்டும் என்று ஊர் மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து 1995-ல் திட்டம் வகுத்தார்கள். 'பச்சைப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். ஆனால் வீடு கட்ட மண் வெளியே தெரிய வேண்டுமே!

ஜெட்டின் எடையைத் தாங்கிய கான்கிரீட் சாமானியத்தில் உடையாது. பாளம் பாளமாகப் பெயர்த்து, நொறுக்கும் எந்திரத்தில் கொட்டி, உள்ளிருந்த கம்பியைப் பிரித்தெடுத்து, ஜல்லியை அளவுவாரியாகச் சலித்தார்கள். இப்படிக் கிடைத்தது 60 லட்சம் டன்னுக்கும் மேல். லாரி லாரியாகக் குப்பைமேட்டுக்குப் போயிருக்க வேண்டிய அந்தக் கல்லுக்கு 'ஸ்டேபிள்ஸ்டோன்' என்று பெயரிட்டு, சாலைகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். மலையைக் குடையாமல் கிடைத்த ஜல்லி என்பதாலேயே இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2002-ல் முதல் குடும்பங்கள் குடியேறின.

ஓடையை மூடியிருந்த கான்கிரீட்டும் போனது. குழாயை அகற்றி, கரையைச் சரிவாக்கி, நீர்நிலைச் செடிகளை வளரவிட்டார்கள். மழைவெள்ளம் பரவி நிற்க இப்போது அங்கே இடம் இருக்கிறது. குழாய்க்குள் பதுக்கிய ஓடைகள் நம் ஊர்களிலும் உண்டு. அவற்றைத் திறக்க முடியாது என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

புதிய குடியிருப்புக்கும் ஒட்டிக்கொண்ட ஸ்டேபிள்டன் என்ற பெயர்தான் கடைசியில் போனது. பெஞ்சமின் ஸ்டேபிள்டன் டென்வரின் மேயராக இருந்தவர். கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் உறுப்பினரும்கூட. கறுப்பினக் குடும்பங்களும் வாழும் ஊருக்கு அந்தப் பெயர் எதற்கு என்று பலர் நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். 2020-ல் அதை நீக்கி, 'சென்ட்ரல் பார்க்' என்று மாற்றினார்கள். விமானங்களுக்கு வழிசொன்ன கட்டுப்பாட்டுக் கோபுரத்தை மட்டும் இடிக்கவில்லை. 2017-ல் அதில் ஓர் உணவகம் திறந்தார்கள்.