தீயும் திரையும்

புத்தளம் மாவட்டக் கரையிலே, சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது உடப்பு என்னும் தமிழ் மீனவர் ஊர். இராமநாதபுரக் கரையிலிருந்து தம் முன்னோர் தோணியேறி வந்தனர் என்பது இவ்வூரவர் வழங்கும் வரலாறு. ஆடி மாதத்தில் இங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நிகழும். பாரதக் கதையே அவ்விழாவின் உயிர். அக்கதையில் வில்வீரன் அருச்சுனன் பெண்ணுடை பூண்டு, பிருகன்னளையாகி, விராடன் மகளுக்கு ஆடல் கற்பிக்கிறான். பெண்ணாய்ப் பிறந்த சிகண்டி ஆணாகிப் போர்க்களம் புகுகிறான். இவ்விருவரையும் நீக்கிவிட்டு எவரும் பாரதத்தைச் சொல்லி முடிக்க இயலாது.

பிருகன்னளையின் கதை ஒருபாற் காதலின் கதையன்று. அவ்வாறு திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆயினும், ஆண் பெண் என்னும் வேலியை நம் மரபு கல்லாற் கட்டவில்லை என்பதற்கு அது சான்று. மரபின் பெயரால் ஒரு திரைப்படம் தாக்கப்பட்டதை ஆராயப் புகும் நாம் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தீபா மேத்தா 1996இல் உருவாக்கிய 'ஃபயர்', இந்தியத் தணிக்கைக் குழு வெட்டின்றி அனுமதித்த படம். 1998 டிசம்பரில் அது ஓடிய மும்பைப் படமாளிகைகளைச் சிவசேனையினர் தாக்கினர். இந்தியப் பண்பாட்டுக்கு இஃது அந்நியம் என்பது அவர்தம் கூக்குரல். படத்தில் நடப்பதுதான் என்ன? டில்லியில் உணவுக்கடை நடத்தும் ஒரு கூட்டுக்குடும்பம். மூத்தவன் சாமியாரை நம்பி இல்லற உறவைத் துறந்தவன். இளையவனுக்கு வெளியே ஒரு காதலி. மனைவியர் ராதாவும் சீதாவும் அடுக்களையில் உழைக்கின்றனர். வாய்பேச இயலாத மாமியாரைப் பேணுகின்றனர். கணவர் இருவரும் விலகிச் சென்றபோது குலையாத குடும்பம், இப்பெண்கள் ஒருவரையொருவர் நேசிக்கத் தொடங்கியதும் குலைந்துவிடுகிறதாம்! இறுதியில் ராதாவின் சேலையில் அடுப்புத்தீ பற்றுகிறது. அவள் பிழைத்து வெளியேறுகிறாள்.

பண்பாடு என்று முழங்கிய இவ்வொழுக்கத்தின் சட்டவடிவம் எங்கிருந்து வந்தது? மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டக்கோவையின் 377ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கியது. அதே அச்சில் வார்த்த சட்டம் 1883இல் இலங்கைக்கும் வந்து 365ஆம் பிரிவாயிற்று. கப்பலில் வந்திறங்கிய சரக்கைத்தான் சுதேசப் பொருளென்று விற்றனர்.

பழைய மரபெல்லாம் பொன்னென்று நாம் வாதிடவில்லை. ஆணோடு கூடிய இருபிறப்பாளனுக்கு மனுநூல் விதிப்பது உடையோடு ஒரு முழுக்கு. கன்னியைக் கெடுத்த பெண்ணுக்கோ தலைமழித்தல் அல்லது விரல்வெட்டு. பம்பாய்ச் சினத்தின் வேர் இங்கேயும் ஓடுகிறது.

நவீனம் மட்டும் நேர்வழியிற் சென்றதா? 1995இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டக்கோவையைத் திருத்தியபோது, 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்த சொல்லை 'ஆள்' என மாற்றியது. ஆங்கிலேயன் விட்டுவைத்த பெண்களும் அன்று முதல் குற்றவாளிகளாயினர். இதுவும் ஒரு சமத்துவமே போலும்!

இந்தியாவில் நிலைமை மாறிற்று. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என 2018 செப்டெம்பர் 6ஆந் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையின் தொனியும் வேறாயிற்று. 2023இல் வெளிவந்த, ஜியோ பேபியின் 'காதல்' என்ற மலையாளப் படத்தில், மம்முட்டி ஏற்ற மாத்யூ உள்ளூர் இடைத்தேர்தலில் நிற்கும் இடதுசாரி வேட்பாளன். அவ்வேளையிலே, கணவன் ஆடவனை நேசிப்பவன் என்று கூறி மனைவி ஓமனா மணமுறிவு கோருகிறாள். மறைந்துவாழும் ஆணின் துயரோடு, அம்மறைவுக்குப் பல்லாண்டு விலைகொடுத்த பெண்ணின் துயரையும் படம் ஒரே தட்டில் வைக்கிறது. இதுவே அதன் பெருமை என்போம். 2025இல் வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' என்ற தமிழ்ப் படத்தில், மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவரத் தாய் தடுமாறுகிறாள். பெற்றோராகிய நம் வாசகர் சிலர் அத்தாயிலே தம்மைக் காணக்கூடும்.

இப்படங்கள் மன்னார்க் குடாவைக் கடந்து இக்கரை இல்லங்களுக்கும் வருகின்றன. தீர்ப்பு வரவில்லை. 1883இன் பிரிவுகளை மாற்றக் கொணர்ந்த தனியார் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் நம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோதும் அம்மசோதா வாக்கெடுப்பைக் காணவில்லை.