தி டிரைவ்
அமெரிக்கக் கால்பந்தில், டென்வர் பிராங்கோஸ் அணியின் குவாட்டர்பேக் ஜான் எல்வே 1987 ஜனவரி 11 அன்று கிளீவ்லாந்தில் நிகழ்த்திய கடைசி நேர மீட்சி. ஏ.எஃப்.சி. (அமெரிக்கன் ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்) இறுதிப் போட்டியில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி 20–13 என முன்னிலை வகித்தது. ஐந்தரை நிமிடமே மிச்சம். டென்வர் தன் 2 கெஜக் கோட்டில் முடங்கிக் கிடந்தது. அங்கிருந்து 15 நகர்வுகளில் 98 கெஜத்தைக் கடந்தார் எல்வே. மூன்றாம் முயற்சியில் 18 கெஜம் தேவைப்பட்ட கட்டத்தில் மார்க் ஜாக்சனுக்கு அவர் எறிந்த 20 கெஜப் பாஸ்தான் மெய்யான திருப்பம். 37 விநாடிகள் எஞ்சியிருக்க, அதே ஜாக்சனின் டச்டவுனால் ஆட்டம் சமனானது. கூடுதல் நேரத்தில் ரிச் கார்லிஸ் உதைத்த ஃபீல்டு கோல் 23–20 என வெற்றி தேடித் தந்தது. அடுத்து வந்த சூப்பர் பவுலில் டென்வர் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 39–20 எனத் தோற்றது. எல்வேயின் கைக்குக் கோப்பை வந்தது 1998இல்தான்.