கடலுக்குத் திறந்த வயல்: எசெக்ஸ் உவர்ச்சதுப்பு மீட்பும் ஈட்டுப் பரப்பின் கணக்கும்

இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரத்தில், விளைநிலத்துக்குள் கடல் புகாமல் காத்துவந்த மண்ணணைகள் சில 1990களிலிருந்து திட்டமிட்டே உடைக்கப்படுகின்றன. 1991இல் நார்த்தி தீவில் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில் தொடங்கிய முயற்சி, 1995இல் டோல்ஸ்பரியில் 21 ஹெக்டேர் அளவுக்கு விரிந்தது. முன்னால் சதுப்பு இருந்தால் அலையின் வேகம் தணியும். பின்னால் நிற்கும் அணையைப் பேணும் செலவும் குறையும். இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால், இந்த முறையைக் கொண்டு, ஓரிடத்தில் அழிக்கும் இயற்கை வாழிடத்துக்கு இன்னோர் இடத்தில் பரப்பளவை மட்டும் பார்த்து ஈடு கட்டுவதை ஏற்பதற்கில்லை.

சிக்கல் மண்ணில் இருக்கிறது. வடிகால் வெட்டி உலர்த்திய நிலம் சுருங்கித் தாழ்கிறது. அதிலுள்ள கரிமப்பொருளும் சிதைந்து குறைகிறது. ஓதம் கொண்டுவரும் வண்டலும் அதற்குக் கிடைப்பதில்லை. அணைக்கு வெளியே உள்ள சதுப்போ வண்டல் படியப் படிய உயர்கிறது. எனவே அணையை உடைக்கும்போது, உள்ளே கிடக்கும் வயல் பெரும்பாலும் வெளிச்சதுப்பைவிடத் தாழ்வாகவே இருக்கும். டோல்ஸ்பரியில் புதுச்சேறு படிந்த பிறகும், அதன் அடியில் பழைய உழவு மண் இறுகிய அடுக்காகவே தங்கிவிட்டது. அதை ஊடுருவி நீர் எளிதில் இறங்காது. வேருக்குக் காற்றும் எட்டாது. இயற்கைச் சதுப்பில் கிளை பிரிந்தோடும் ஓடைகள் ஒவ்வொரு வற்றத்திலும் நீரை வடித்துவிடும். சமப்படுத்தி உழுத வயலில் அந்த ஓடைகள் ஏது? இப்படி நீர் தேங்கிய சேற்றில் உமரி இனம் சட்டென்று பரவிவிடும். கடல் லாவெண்டர் போன்ற பல்லாண்டுச் செடிகளுக்கு அது எளிதில் இடம்கொடுப்பதில்லை.

மாஸ்மன், டேவி, கிராண்ட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. மீட்ட நிலங்களில் செடியினங்களின் எண்ணிக்கை விரைவிலேயே அருகிலுள்ள இயற்கைச் சதுப்பை எட்டிவிடுகிறது. ஆனால் எந்த இனம் எவ்வளவு என்ற கலவை ஒத்துவரவில்லை. முன்னோடிச் செடிகளே ஆதிக்கம் செலுத்துகின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அதிகாரி இதை வெற்றி என்றே எழுதிவிடுவார்.

மெட்வே கழிமுகத்தின் லாப்பெல் பேங்க் சேற்றுவெளி, காலம் தொடர்பான இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. துறைமுக விரிவாக்கத்துக்காக அதைப் பறவைக் காப்பிடத்திலிருந்து விலக்கினார்கள். பொருளாதாரக் காரணம் காட்டி அப்படி விலக்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதற்குள் அந்த இடம் தூர்க்கப்பட்டுவிட்டது. அதற்கும், அதேபோல் துறைமுகத்துக்காக இழந்த ஃபேக்பரி சேற்றுவெளிக்கும் ஈடாக எசெக்ஸின் வாலசி தீவில் 2006இல்தான் அணை உடைக்கப்பட்டது. இழந்ததைவிடப் பெரிய பரப்பு கிடைத்தது உண்மையே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், முன்பு லாப்பெல் பேங்கில் இரைதேடிய கரைப்பறவைகளுக்கு அந்தப் பெரிய பரப்பால் என்ன பயன்?

ஈடு தவிர்க்க முடியாதது என்றால், பழைய இடத்தில் கைவைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே புதிய இடத்தைக் கடலுக்குத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் ஓடைகளை வெட்டி, இறுகிய அடுக்கை உடைத்துவிட வேண்டும். துறைமுகத்துக்கான அனுமதியைப் பரப்பளவோடு பிணைக்காமல், புதிய இடத்தில் நிலைத்த செடிகளின் கலவையோடும் மண்ணின் வடிதிறனோடும் பிணைக்க வேண்டும்.