ஆமை (லோகோ)

லோகோ என்னும் கணினி மொழியில் இடும் கட்டளைக்கு ஏற்ப நகர்ந்து, போகும் வழியெல்லாம் கோடு இழுக்கும் பொறி; அல்லது அதே வேலையைச் செய்யும் திரையுருவம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1969-70 வாக்கில் உருவாகி, 1970-71இல் வகுப்பறைக்குள் வந்தது. 1980-களில், பெரும்பாலும் திரையுருவமாக, பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவியது. அந்நாளில் கணினி பிள்ளைக்குக் கேள்வி கேட்கும், பிள்ளை விடை தட்டும். பள்ளிக் கணினி என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். ஆமை வந்த வகுப்பில் பிள்ளை சொல்லிக்கொடுத்தது, கணினி கற்றுக்கொண்டது.

ஆமைக்குத் தெரிந்தவை மிகச் சில. இத்தனை அடி முன்னே போகும், பின்னே வரும். இத்தனை பாகை வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பும். வயிற்றில் உள்ள பேனாவை இறக்கும், தூக்கும். 'முன்னே 100, வலம் 90' என்பதை நான்கு முறை சொன்னால் சதுரம் கிடைக்கும். அந்த நான்கையும் சேர்த்து 'சதுரம்' என்று ஒரு பெயர் சூட்டிவிட்டால், அடுத்த தடவை அந்த ஒரு சொல்லே போதும். ஆமை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. வரைபடத்தாளில் போல இதற்குக் கிடை அச்சு, செங்குத்து அச்சு எதுவும் வேண்டாம். தான் நிற்கும் இடமும் தன் முகம் பார்க்கும் திசையும் மட்டுமே அதற்குக் கணக்கு. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அவ்வளவே.

முன்னோடி

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1948-49இல் எல்மர், எல்சி என்ற இரு ஆமைப் பொறிகளைச் செய்தார். அவை ஒளியைத் தேடிப் போகும். எதன்மீதாவது முட்டினால் விலகிச் செல்லும். 1951ஆம் ஆண்டின் பிரிட்டன் விழாவில் இவ்வகை ஆமைகள் மக்களின் பார்வைக்கு வந்தன. பள்ளிக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. பின்னால் வந்த பொறிக்குப் பெயரையும் உருவத்தையும் இவை தந்தன என்பதே பொதுவான கருத்து.

லோகோவும் லெக்ஸிங்டனும்

லோகோ 1966-67இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில், பி.பி.என். என்ற ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. பொது நூல்கள் பலவும் சீமோர் பாப்பர்ட் ஒருவரையே இதன் தந்தையாகச் சொல்கின்றன. அந்த நிறுவனத்தில் கல்வி ஆய்வை முன்னின்று நடத்திய வாலி ஃபியூர்சைக், முதல் வடிவத்துக்கு நிரல் எழுதிய டேனியல் பாப்ரோ, தொடக்கம் முதல் மொழியிலும் வகுப்பறையிலும் உழைத்த சிந்தியா சாலமன் ஆகிய மூவருக்கும் அதில் பங்கு உண்டு. சொல், எண்ணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லோகோ என்ற பெயரைத் தேர்ந்தவர் ஃபியூர்சைக். மற்ற மொழிகள் பெரும்பாலும் எண்களைக் கையாளவே இருந்த காலத்தில், சொற்களைக் கையாளும் மொழி இது என்று காட்ட அந்தப் பெயர் உதவியது.

பாப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். கணிதத்தில் இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர். இளமையில் நிறவெறி எதிர்ப்பில் ஈடுபட்டவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ஜான் பியாஜேயோடு பணியாற்றினார். குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்ற பியாஜேயின் கருத்து அவரிடம் ஆழமாகப் பதிந்தது. கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமல்லவா. அந்தச் செங்கல்லாகக் கணினி இருக்க முடியுமா என்பது பாப்பர்ட் சேர்த்த கேள்வி. தமக்குக் கிடைத்த முதல் செங்கல்லாக அவர் குறிப்பிட்டது பல்சக்கரங்களை. பள்ளிக்குப் போகும் முன்பே வண்டிகளின் பல்சக்கரங்களில் மனம் லயித்திருந்ததாகவும், பின்னாளில் பெருக்கலும் சமன்பாடும் அவற்றின் வழியாகவே தமக்குப் புரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்ந்து, மார்வின் மின்ஸ்கியோடு செயற்கை நுண்ணறிவுக் கூடத்தை நடத்தினார்.

லோகோவின் முதல் சோதனை 1967இல் மாசசூசெட்ஸின் லிங்கன் நகரின் ஹான்ஸ்காம் ஃபீல்டு பள்ளியில், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நடந்தது. ஓராண்டு முழுவதும் நடந்த முதல் பயிற்சி 1968-69இல், லெக்ஸிங்டன் நகரின் மஸ்ஸி இடைநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில். அப்போது ஆமை கிடையாது. டெலிடைப் பொறிகள் தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவில் இருந்த கணினியோடு இணைந்திருந்தன. பிள்ளைகள் சொல் விளையாட்டு எழுதினார்கள். வாய்க்கு வந்த வாக்கியங்களைத் தானே அமைக்கும் நிரல் எழுதினார்கள்.

அந்தப் பள்ளியைப் பற்றிப் பாப்பர்ட் பதிவுசெய்த ஒரு காட்சி இங்கே குறிக்கத்தக்கது. கணக்கு வகுப்புக்குப் போகும் வழியில் ஓர் ஓவிய வகுப்பு. அங்கே பிள்ளைகள் சோப்புக் கட்டியில் சிற்பம் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் முடியும் வேலை அது இல்லை; வாரக்கணக்கில் நீண்டது. யோசிக்கவும், கனவு காணவும், அடுத்தவர் செய்வதைப் பார்க்கவும், செய்ததைக் கலைத்துச் செய்யவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. பக்கத்துக் கணக்கு வகுப்பிலோ ஒரு கணக்கு கொடுக்கப்படும். போட்டு முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அடுத்தது வந்துவிடும். சோப்புச் சிற்பம் போன்ற ஒரு கணக்கு வகுப்பு தமக்கு வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆமைக்கு வித்திட்டது இந்த விருப்பம் என்று கொள்ள இடமுண்டு.

முதல் ஆமை எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. திரை ஆமை முந்தியது என்பாரும் உண்டு, தரை ஆமை முந்தியது என்பாரும் உண்டு. எம்.ஐ.டி.யில் உருவான தொடக்க காலத் தரை ஆமை, கம்பியால் கணினியோடு கட்டப்பட்டிருந்தது. பி.பி.என்.இல் பால் வெக்ஸல்பிளாட் செய்த ஆமைக்குக் கம்பி இல்லை. முட்டினால் உணரும், மணியடிக்கும். அதற்கு இர்விங் என்று பெயரும் இருந்தது. தரை ஆமையும் திரை ஆமையும் முதலில் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது 1970-71இல், லெக்ஸிங்டனின் பிரிட்ஜ் பள்ளி ஐந்தாம் வகுப்பில் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

ஆமை வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு முக்கோணம் நல்ல எடுத்துக்காட்டு. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பிள்ளைக்குத் தெரியும். 'முன்னே 100, வலம் 60' என்று மூன்று முறை தட்டும். முக்கோணம் வராது, மூடாத ஒரு கிண்ணம் போல ஏதோ நிற்கும். மேலும் மூன்று முறை தட்டினால் அழகான அறுகோணம் வந்து சேரும். இந்த இடத்தில் ஆசிரியர் விடை சொல்வதில்லை. "நீயே ஆமையாக நடந்து பார்" என்பார். பிள்ளை எழுந்து, தரையில் முக்கோணம் போட்டு நடக்கும். முனையில் வந்து நிற்கும்போதுதான், உடம்பு திரும்ப வேண்டியது உள்ளே தெரியும் 60 அல்ல, வெளியே இருக்கும் 120 என்பது கால்களுக்கே தெரிந்துவிடும். வெளிக்கோணம் என்ற சொல் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இன்னொன்று வீடு. சதுரம் போடவும் முக்கோணம் போடவும் ஆமைக்குக் கற்றுக்கொடுத்த பிள்ளை, இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் வீடு வந்துவிடும் என்று நினைக்கும். சுவருக்கு மேலே ஏற வேண்டிய கூரை, சுவருக்கு உள்ளே விழுந்து கிடக்கும். சதுரத்தை முடித்த ஆமை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டு, இடையில் 'முன்னே 100, வலம் 30' சேர்த்தால் கூரை தன் இடத்தில் உட்காரும். இங்கே தவறு மதிப்பெண்ணைக் குறைக்கும் சிவப்பு மைக்கோடு ஆகவில்லை. எங்கே என்று தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டிய ஒன்று, அவ்வளவே. லோகோ வகுப்பறைக்குத் தந்தவற்றுள் இதையே முதன்மையாகச் சொல்ல வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆமையைக் கொண்டுசென்றவர் எம்.ஐ.டி. மாணவி ரேடியா பெர்ல்மன். 1974-76இல் அவர் செய்த கருவிகளுள் ஒன்று பொத்தான் பெட்டி, மற்றொன்று துளைப்பெட்டி. படம் போட்ட அட்டைகளைப் பிள்ளை வரிசையாகத் துளைகளில் செருகும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆமை அவற்றை ஒவ்வொன்றாகச் செய்துமுடிக்கும். பெட்டிகள் வெவ்வேறு நிறத்தில் இருந்தன. ஒரு பெட்டியின் நிறத்தில் உள்ள அட்டையைச் செருகினால், அந்தப் பெட்டியில் உள்ள வேலை முழுவதையும் செய் என்று பொருள். நிரலுக்குள் நிரல் என்ற கருத்தை, பள்ளி செல்லாத வயதுப் பிள்ளைகள் வண்ண அட்டைகளாகக் கையில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஆண்களே இருந்த கூடத்தில், சிறு பிள்ளைகளோடு வேலை செய்தால் தம்மை அறிவியலாளராக மதிக்கமாட்டார்களோ என்ற தயக்கத்தில் அதைக் கைவிட்டதாகப் பெர்ல்மன் பின்னாளில் கூறியுள்ளார். கணினி வலையமைப்புத் துறை அவரைப் பெரிதும் போற்றுகிறது. வகுப்பறைதான் அவரை இழந்தது.

பரவல்

மாசசூசெட்ஸின் புரூக்லைன் நகரப் பள்ளியில் 1977இல் தொடங்கிய லோகோ திட்டம் 16 மாணவர்களின் வேலையைத் தனித்தனியே விரிவாகப் பதிவுசெய்தது. 1980இல் பாப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் வெளிவந்தது. மறு ஆண்டு ஹால் ஏபெல்சனும் ஆண்ட்ரியா டிசெஸாவும் ஆமை வடிவியலை உயர்கணிதம் வரை கொண்டுசென்று ஒரு நூல் எழுதினர். விலை குறைந்த சிறு கணினிகள் அப்போது பள்ளிகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. ஆப்பிள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கணினிகளுக்கு லோகோ கிடைத்தது. செனகல் நாட்டின் டக்கார் நகரில் 1982 வாக்கில் பிள்ளைகளுக்கு லோகோ கற்பிக்கும் ஒரு முயற்சி நடந்தது. 1983இல் பிரிட்டனில் வேலியன்ட் ஆமை விற்பனைக்கு வந்தது; அது அகச்சிவப்புக் கதிர் வழியே கட்டளை பெற்றது. கோஸ்டாரிகா 1980-களின் இறுதியில் ஒமார் டெங்கோ அறக்கட்டளை மூலம் லோகோவைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது.

திரைக்குப் போன ஆமை பெரும்பாலும் ஒரு சிறு முக்கோணமாகவே இருந்தது. விலை இறங்கியது, வேகம் கூடியது. தரையில் அதன் பின்னே தவழ்ந்து போகும் பிள்ளைகள் மட்டும் குறைந்தார்கள்.

பயன் பற்றிய வாதம்

லோகோ கற்ற பிள்ளைக்குப் பொதுவாகவே சிந்திக்கும் திறன் வளரும் என்ற எதிர்பார்ப்பு 1980-களின் தொடக்கத்தில் பரவலாக இருந்தது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்விக் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் இதைச் சோதித்தனர். வகுப்பறை வேலைகளைத் திட்டமிடும் ஒரு பயிற்சியில், லோகோ கற்றவர்கள் கல்லாதவர்களைவிடச் சிறந்து விளங்கவில்லை என்று 1984 வாக்கில் அவர்கள் முடிவு வெளியிட்டனர். அதே ஆண்டில் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் டொமினிக் கல்லோவும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சிறு குழுவில் நிதானமும் புதிது புனையும் திறனும் கூடியதைக் கண்டதாக எழுதினர். பாப்பர்ட் 1987இல் மறுமொழி தந்தார்: மருந்தைச் சோதிப்பது போல லோகோவைச் சோதிப்பது பொருந்தாது, அது இருக்கும் வகுப்பறையின் பண்பாடே விளைவைத் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். எதிர்த்தரப்போ, அப்படியானால் எந்தச் சோதனையாலும் அதைப் பொய்ப்பிக்க முடியாதே என்று கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரம், தனி அறையில், பாடநூல் வரிசைப்படி நடந்த லோகோவும், பிரிட்ஜ் பள்ளியில் நடந்த லோகோவும் ஒன்றல்ல என்பதை மட்டும் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டனர்.

கோலமும் ஆமையும்

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களை முறைசார் மொழி இலக்கணத்தால் விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். புள்ளியைச் சுற்றி வளைந்து செல்லும் கோலத்தைச் சில அடிப்படை நகர்வுகளின் வரிசையாகக் காணும் ஆய்வையும் கிஃப்ட் சிரோமணி பின்னர் மேற்கொண்டார். கனடாவில் 1980-களில் பிருசின்கீவிச் என்ற ஆய்வாளர், செடி வளர்ச்சியை விளக்கும் லிண்டன்மேயர் இலக்கணங்களை ஆமையின் நகர்வுகளாக மாற்றி வரைந்தபோது, அவர் காட்டிய வடிவங்களுள் கோலமும் இருந்தது. மாவை இழுத்துக்கொண்டு முன்னே போய், புள்ளியை ஒட்டித் திரும்பி, கை எடுக்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் விரல், லோகோ ஆமை செய்வதையே செய்கிறது.

பிற்காலம்

எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக், ஸ்டீபன் ஓக்கோ ஆகியோர் 1980-களின் நடுவில் லோகோவை லெகோ கட்டைகளோடு இணைத்தனர். 1998இல் லெகோ நிறுவனம் வெளியிட்ட மைண்ட்ஸ்டார்ம்ஸ் பொறிக்கு அந்தப் பெயர் பாப்பர்ட்டின் நூலிலிருந்து வந்தது. 2007இல் வெளியான ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழியில் ஆமையின் இடத்தில் பூனை நிற்கிறது. கட்டளைகளைத் தட்ட வேண்டாம், கட்டைகளைப் போல ஒன்றோடொன்று பொருத்தலாம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் ஸ்கிராட்ச் இடம்பெற்றுள்ளது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் ஆமைக்குத் தமிழிலேயே கட்டளை இடலாம். 2006இல் ஹனோய் நகரில் கணிதக் கல்வி மாநாட்டுக்குச் சென்றிருந்த பாப்பர்ட் சாலை விபத்தில் படுகாயமடைந்தார், 2016இல் காலமானார்.

இன்று நிரலாக்கம் பயில்வோர் பலர் ஆமையைச் சந்திப்பது பைத்தான் மொழியில். அதனுடன் கூடவே வரும் வரைகலைத் தொகுப்பு ஒன்றுக்கு ஆமை என்றே பெயர். அதைத் திறந்தவுடன் திரையில் தெரிவது ஓர் அம்புமுனை. ஆமையைப் பார்க்க விரும்பும் மாணவர் அதற்கெனத் தனியே ஒரு கட்டளை தர வேண்டும்.