ஒரு மிதி, நூறு இழை: குறுக்குவிசைகளின் கதையும் நம்ம வகுப்பறையும்

கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி தெரியாதவங்க இன்னிக்கு அநேகமா யாரும் இல்ல. பாதிப் பேருக்குப் பொழப்பே அதுலதான் ஓடுது :-) ஆனா அந்த எழுத்துகள் ஏன் அங்க வந்து உட்கார்ந்துச்சு, தமிழ் எழுதுறதுக்கும் அந்த மாதிரி ஒரு குறுக்குவழி இருக்கான்னு கேட்டா நிறைய பேர் முழிப்பாங்க. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல தறியில இருந்து ஆரம்பிக்கிறேன். வெம்பாக்கத்துக்காரன் வேற எங்க இருந்து ஆரம்பிக்க முடியும்? ஒரு பக்கம் காஞ்சிபுரம், இன்னொரு பக்கம் செய்யாறு, ஆரணி. நடுவுல நாங்க. பட்டுத்தறிச் சத்தம் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்ல. புட்டாவோ பார்டரோ விழணும்னா, எந்தெந்தப் பாவு இழை மேல எழும்பணும்னு ஊடை போடுற ஒவ்வொரு தடவையும் முடிவாகணும். முன்னாடி அதுக்குன்னே ஒரு ஆள் உட்கார்ந்து கயிறு இழுக்கணும். 1804-ல பிரான்சு நாட்டு லியோன் நகரத்துல ஜோசப் மரி ஜக்கார்டு அந்த வேலையைத் துளை போட்ட அட்டைகள்கிட்ட ஒப்படைச்சார். நெசவாளி காலால ஒரு மிதி மிதிச்சா போதும், அட்டை சொல்ற இழைகள் அத்தனையும் ஒண்ணா எழும்பும். குறுக்குவிசைங்கிறதும் இதேதான். ஒரு தட்டு, பின்னாடி பத்து வேலை. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னோட கணிப்பு எந்திரத்துக்குத் துளை அட்டை வைக்கலாம்னு திட்டம் போட்டார். ஆக, கணினிக்கு நெசவுக்காரங்க ஒருவகையில தாத்தா முறை!

இப்ப விசைப்பலகைக்கு வருவோம். 1968 டிசம்பர் 9 அன்னிக்கு டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோவுல ஒரு செயல்விளக்கம் காட்டினார். வலது கையில மவுஸ், இடது கையில அஞ்சே விசை உள்ள ஒரு சின்னப் பெட்டி. ரெண்டு மூணு விசையைச் சேர்த்து அமுக்கினா ஒரு கட்டளை. மவுஸ் நிலைச்சது, அந்தப் பெட்டி காணாமப் போச்சு. ஆனா இடது கை கட்டளைக்கு, வலது கை மவுசுக்குங்கிற பழக்கம் தங்கிடுச்சு.

1970களின் நடுவுல ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துல லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சின்னு ஒரு எழுத்துச் செயலி செஞ்சாங்க. யாருக்காகத் தெரியுமா? ஜின் அண்ட் கம்பெனிங்கிற பாடப்புத்தகப் பதிப்பகத்துக்காக! அச்சுக்குப் போற தாளைக் கத்தரிக்கோலால வெட்டி, பசை தடவி ஒட்டுற வேலையைத்தான் அவங்க திரைக்குக் கொண்டு வந்தாங்க. வெட்டு, நகலெடு, ஒட்டுன்னு நாம சொல்றது அந்தக் கத்தரிக்கோலையும் பசையையும்தான். பிறகு ஆப்பிள் லிசாவில் (1983) இஸட், எக்ஸ், சி, வி நாலும் வரிசையா அமைஞ்சது. எக்ஸ் என்பது அடிச்சு நீக்குற குறி. வி என்பது வரிக்கு நடுவுல ஒண்ணைச் செருகப் போடுற குறியைத் தலைகீழாத் திருப்பினது. நாலும் இடது கைக்குப் பக்கத்துலயே இருக்கு.

சரி, தமிழ்?

நமக்கு எழுத்து 247. தட்டச்சுப்பொறியில விசை நாற்பத்துச் சொச்சம். யாழ்ப்பாணத்துல பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போய் வேலை பார்த்த ஆர். முத்தையா இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். புள்ளி மாதிரிக் குறியைத் தட்டினா உருளை நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினா ரெண்டும் ஒரே இடத்துல உட்காரும். அருமையான யோசனை. நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர், ஹையர்னு தமிழ் படிச்சவங்களுக்கு இன்னிக்கும் விரல் அந்த வழியிலதான் போகும். ஆனா அது இரும்பு எந்திரத்தோட கணக்கு. கண்ணுக்குத் தெரியுற வடிவத்தைத் துண்டு துண்டாச் சேர்க்குறது. 'வெ' வேணும்னா முதல்ல கொம்பு, அப்புறம் 'வ'.

கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லையே? 1997-ல சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய கூட்டத்துக்கு அடுத்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதுலதான் தமிழ்99 விசைப்பலகை முடிவாச்சு. உயிரெழுத்து 12-ம் இடது பக்கம். மெய்யெழுத்து 18-ல பெரும்பாலும் வலது பக்கம் (வ, ங ரெண்டும் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நிக்கும்). ஆய்தம் புள்ளி வைக்கவும் உதவும். அவ்வளவுதான், 31 விசை. ஷிப்ட் தேவையே இல்ல.

இதுல இருக்குற குறுக்குவழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல்ல உள்ளதுக்குப் புள்ளி தானா வந்துடும். ப, ட, ட, உ. நாலே தட்டுல 'பட்டு' ரெடி! மெல்லினத்துக்கு அடுத்து அதோட இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. 'நன்றி'க்கு ந, ன, ற, இ. 'மமதை' மாதிரிப் புள்ளி வரக்கூடாத இடத்துல நடுவுல ஒரு 'அ' தட்டிட்டாப் போதும். கவனிச்சுப் பாருங்க, இது ஆறாம் வகுப்பு இலக்கணம். இன எழுத்துன்னு வாத்தியார் போர்டுல எழுதிப் போட்டதை அப்படியே விசைப்பலகைக்குள்ள வச்சிருக்காங்க.

ஆனா பெரும்பாலானவங்க என்ன பண்ணினோம்? 2000களோட தொடக்கத்துல எ-கலப்பை வந்தப்போ அதுல தமிழ்99-ம் இருந்துச்சு, 'அம்மா'ன்னு ஆங்கில எழுத்துல அடிக்கிற முறையும் இருந்துச்சு. ஆல்ட்டோட 2-ஐத் தட்டி, ஆங்கில எழுத்துலயே தமிழ் அடிச்சுப் பழகினவங்கதான் நம்ம கூட்டத்துல அதிகம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலம் அடிச்சுப் பழகின விரலுக்கு அதுதான் சுலபம். அது இல்லேன்னா வலையில இவ்வளவு தமிழ் வந்தே இருக்காது. வேகத்துலயும் எல்லா இடத்துலயும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்னு சொல்ல முடியாது. 'வெம்பாக்கம்' அடிக்கத் தமிழ்99-ல ஒன்பது தட்டு, ஆங்கில வழியில பத்து. 'தங்கம்' அஞ்சுக்கு ஏழெட்டு.

சிக்கல் வகுப்பறையிலதான். 2011 செப்டம்பர் 15 அன்னிக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கினப்போ, எங்க பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைங்க பல பேருக்கு வீட்டுக்குள்ள வந்த முதல் கணினி அதுதான். தமிழ் வழியில படிச்ச பிள்ளைக்கு ஆங்கில விசைப்பலகை பழகின விரல் கிடையாது. அவங்களுக்கு ரெண்டு முறையுமே புதுசு. அப்ப எதுக்கு 'ழ'வுக்கு ஆங்கிலத்துல என்ன எழுத்துன்னு யோசிச்சு, அதுக்கப்புறம் தமிழ் அடிக்கணும்? தாய்மொழியை அடுத்த வீட்டு வாசல் வழியா சுத்திப் போய்த் தொடுற மாதிரி இல்ல? முதல் ரெண்டு வாரம் எதைப் பழக்குறோமோ அதுதான் அந்த விரலுக்கு ஆயுசுக்கும் வழி.

நாற்பது நிமிஷ பீரியட்ல ஒரு கணினிக்கு ரெண்டு மூணு பேர்னா ஒரு பிள்ளைக்குக் கிடைக்குறது கால்மணி நேரம். அதுல மெனுவைத் தேடிக்கிட்டே இருந்தா வேலை நடக்காது. கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் இஸட், ஆல்ட் டேப், இந்த மூணையும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துடலாம். வாத்தியார்களுக்கும் ரெண்டு: விண்டோஸ் விசையோட பி தட்டினா புரொஜெக்டர் மாற்றம். பவர்பாயின்ட் ஓடும்போது வெறும் பி (பந்துக்கு வர்ற பி) தட்டினா திரை கருப்பாயிடும், பசங்க கண்ணு தானா உங்க பக்கம் திரும்பும் :-) இன்னொரு தட்டுக்குத் திரும்பி வந்துடும்.

பக்கத்துல பள்ளிக்கூடம் இருந்தா ஒரு காரியம் பண்ணுங்க. தமிழ்99 படத்தை அச்செடுத்து லேப் சுவத்துல ஒட்டச் சொல்லுங்க. செலவு ஒரு தாள், கொஞ்சம் பசை. உங்க ஊர்ப் பிள்ளைங்க எந்த முறையில தமிழ் அடிக்கிறாங்கன்னு விசாரிச்சு எனக்கும் சொல்லுங்களேன்.