கரிமூட்டமும் எரிவாயுவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும்போது கரிமூட்டப் புகை கண்ணைக் கரிக்கும். 1877-இல் சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்த சீமைக்கருவேல், இன்று கண்மாய்க்குள்ளேயே காடாகிக் கிடக்கிறது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது, மூட்டம் போட்டுப் பிழைக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மரம் தண்ணியக் குடிக்குதுன்னு சொல்றாக, அண்ணாச்சி. எனக்குக் கஞ்சி ஊத்துறதும் அதுதானே?" எனக்கு நா எழவில்லை.

எரிவாயுச் சர்ச்சையிலும் இதே கேள்விதான். அது காவிரிக் கரையில் மூண்டது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது. படுகையின் நீரை இறைத்துக் கொட்டினால்தான் அந்த வாயு வெளிவரும். நெல் விளையும் பூமியில் இது அடுக்குமா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்ட நம்மாழ்வார், 2013 டிசம்பரில் அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே காலமானார். 2015-இல் தமிழக அரசு தடை விதித்தது. பிறகு 2017-இல் நெடுவாசல் கிளர்ச்சி. 2020-இல் டெல்டாவைக் காக்கச் சட்டமே வந்தது.

அந்தச் சட்டத்தில் நம் வானம் பார்த்த பூமிக்கு இடமில்லை. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு போய்ச் சேர்வது இராமநாதபுரச் சீமை. அங்கே 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு 2025-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புக் கிளம்பவே, சுற்றுச்சூழல் துறையையும் கவனித்த அமைச்சர் தங்கம் தென்னரசு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி சொன்னார். திருச்சுழித் தொகுதிக்காரர் அவர். டெல்டாவுக்குச் சட்டம், நமக்கு ஓர் அமைச்சரின் வாக்கு!

எரிவாயு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நாட்டுத் தேவையில் ஏறத்தாழப் பாதி கப்பலில் வருகிறது. நிலக்கரியைவிட அதில் புகையும் குறைவு. இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் அதை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஷேல் என்ற களிப்பாறையைப் பிளந்தே வாயுவை எடுத்து மலிவாக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு கிணற்றுக்குக் கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகிறது. ஒரே பாறையின்மேல் உட்கார்ந்துகொண்டு பென்சில்வேனியா தோண்டுகிறது. நியூயார்க் 2014-இல் வேண்டாமென்றது. இராமநாதபுரத்தில் கேட்டது சோதனைக் கிணறுதான், பாறையைப் பிளப்பதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் அருப்புக்கோட்டைக் குழாயில் தண்ணீர் வர வைகையும் தாமிரபரணியும் அல்லவா தேவைப்படுகின்றன!

போன முறை அந்த மூட்டக்காரரிடம் இதையெல்லாம் விவரித்தேன்.

"அந்தக் கெணத்துல எங்களுக்கு வேல உண்டா?"

"படித்த ஆட்கள் சிலர் போதும்" என்றேன்.

"தண்ணி?"

மூட்டத்தில் ஓரிடத்தில் மண் சரிந்து தீ எட்டிப் பார்த்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார்.